மறுகரையில் நிற்பவர்கள்



வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கடற்கரையில், பாலின்டாய் என்ற சிற்றூருக்கு அருகே, கேரிக்-அ-ரீட் என்றொரு பாறைத் தீவு இருக்கிறது. கரைக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 20 மீட்டர் தூரம்தான். ஆனால் 30 மீட்டர் கீழே பாறைகளும் அலையடிக்கும் கடலும். இடையில் ஒரு கயிற்றுப் பாலம். அயர்லாந்துக்குச் சென்றிருந்த குருக்கள் சிலர், நாங்கள் ஒருநாள் அதைப் பார்க்கப் போனோம்.

தீவின் பெயருக்கு 'வழியில் நிற்கும் பாறை' என்று பொருள் சொல்கிறார்கள். யாருடைய வழி? சால்மன் மீனின் வழி. கடலில் வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் தான் பிறந்த ஆற்றையே தேடித் திரும்பும் மீன் அது. குறுக்கே தீவு நிற்பதால் சுற்றித்தான் போக வேண்டும். அங்கே வலை காத்திருக்கும். அந்த வலைக்காகத்தான் மீனவர்கள் 1755-இல் இந்தப் பாலத்தை முதன்முதலில் கட்டினார்கள் என்பது அவ்வூர் வழக்கு. 1970களில்கூட ஒருபக்கம் மட்டுமே பிடிகயிறு, பலகைகளுக்கு நடுவே பெரிய இடைவெளி. அதன்மேல் நடந்துதான் அவர்கள் வேலைக்குப் போய்வந்தார்கள்.

1960கள் வரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 மீன் கிடைத்த இடத்தில், 2002-இல் பருவம் முழுவதற்கும் கிடைத்தது 300. அத்தோடு மீன்பிடிப்பு நின்றது. கடலோரப் பங்குகளில் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

இப்போது பாலம் உறுதியானது. கம்பி வடம், இருபுறமும் வலை. நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. பாலத்திலிருந்து விழுந்து அடிபட்டவர் எவரும் இல்லை என்கிறார்கள். ஆனால் ஒன்று நடப்பதுண்டு. உற்சாகமாகத் தீவுக்குப் போய்விடுகிறார்கள்; ராத்லின் தீவையும், வானம் தெளிவாக இருந்தால் ஸ்காட்லாந்தையும் பார்த்து மகிழ்கிறார்கள்; திரும்பும்போது, அதே பாலத்தில் கால்வைக்க முடியாமல் நின்றுவிடுகிறார்கள். உடம்பு நடுங்குகிறது. அப்படிப்பட்டவர்களைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்திருக்கிறார்கள்.

நம் பங்குகளிலும் மறுகரையில் நிற்பவர்கள் உண்டு. வீட்டாரை மீறித் திருமணம் செய்துகொண்டு ஊரைவிட்டுப் போன மகள். கடன்பட்டு, முகம் காட்ட வெட்கப்பட்டுத் திருப்பலிக்கே வராமல் போனவர். குடியை விடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லி, மூன்றாம் முறையும் தோற்றவர். தம் காலால்தானே போனார்கள், தம் காலாலேயே வரட்டும் என்கிறோம். "கோயில் கதவு திறந்துதானே இருக்கிறது, யார் வேண்டாமென்றது?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விபோலத்தான் இருக்கிறது. அங்கே பாலமும் திறந்துதான் இருக்கிறது.

தமஸ்கு நகரில் பவுல் மாட்டிக்கொண்டதைத் திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். அவரைக் கொல்ல நகர வாயில்களில் ஆள் காத்திருந்தபோது, இரவில் சீடர்கள் அவரைக் கூடையில் வைத்து மதில்வழியே இறக்கிவிட்டார்கள். பவுலே பின்னர் கொரிந்தியருக்கு எழுதும்போது, தம் வலுவின்மையைப் பற்றிப் பேசும் இடத்தில் இதைக் குறிப்பிடுகிறார். இதில் நாம் கவனிக்காமல் விடுவது ஒன்று: அவர் அந்நகருக்குப் புறப்பட்டதே அங்கிருந்த சீடர்களைக் கட்டி இழுத்துச் செல்வதற்காக. அதே மக்கள்தான் கூடையைத் தாங்கினார்கள். "எங்களைப் பிடிக்க வந்தவர்தானே, எப்படியோ போகட்டும்" என்று சொல்ல அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர்கள் பெயர்களை லூக்கா எழுதவில்லை.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். யார் வரவில்லை என்ற பட்டியல் ஏற்கெனவே எல்லாரிடமும் இருக்கிறது. யார் வீட்டுக்கு, எந்த மாலையில், எந்த இருவர் போவது என்று முடிவுசெய்துவிட்டுக் கலையுங்கள்.