வயலுக்கும் வயிற்றுக்கும் உளுந்து

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் விதைப்பும் அறுப்பும் இன்றி நிலம் ஓய்ந்திருக்கவேண்டும் என்று லேவியர் ஆகமத்தில் வாசிக்கிறோம். நம்மில் பலருக்கு ஒரு கோட்டை விதைப்பாடுகூட இல்லை. ஓராண்டு தரிசு போட்டால் அடுப்பு எரியாது. ஆனால் நிலத்துக்குத் தெம்பும் வீட்டுக்கு உணவும் சேர்த்துத் தரும் வழி ஒன்று நம்மிடம் உண்டு. அதுதான் பிசானத்துக்குப் பின் போடும் உளுந்து.

கன்னடியன் கால்வாயிலும் கோடகன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் தாமிரபரணித் தண்ணீர் வந்தால் கார், பிசானம் என்று இரு போகமும் நெல்தான். மாசி, பங்குனியில் பிசானம் அறுத்தால், கார் தொடங்கும்வரை வயல் சும்மா கிடக்கிறது. உளுந்துக்கு வேண்டியதோ ஏறத்தாழ 65 முதல் 75 நாட்களே.

உளுந்துச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்; சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும்; அப்படியானால் அது வேலை செய்கிறது என்று பொருள். 2009-இல் ஆப்பிரிக்காவின் சிறு விவசாயிகளுக்காகத் தொடங்கிய பெரிய திட்டமொன்றும் இந்த நுண்ணுயிரையே நம்பி, சோயா, நிலக்கடலை, தட்டைப்பயறு முதலியவற்றைப் பரப்பியது.

ஆகவே விதையை வெறுமனே வீசிவிட்டு வரலாகாது. ரைசோபியம் உயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தவேண்டும். கையால் அறுக்கும் வயலில், அறுப்புக்கு ஏழு பத்து நாள் முன்பே, மண்ணில் மெழுகுபோல் ஈரம் இருக்கையில், ஏக்கருக்கு 10 கிலோ விதையைத் தூவலாம். பூக்கும் பருவத்தில் ஒரு முறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் இரண்டு சத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கவேண்டும். 4 கிலோ டி.ஏ.பி.யை இரவே ஊறவைத்து, தெளிவை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கினால் ஒரு ஏக்கருக்குப் போதும். இலை மஞ்சள் தேமலாகக் கண்ட செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கிவிடுங்கள். அந்நோயை வெள்ளை ஈ அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். புதிய விதை இரகங்களைப் பற்றிக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் கேட்டறியலாம்.

இனி, விளைந்ததை என்ன செய்கிறோம்? ஏசா ஒரு வேளைப் பயற்றங்கூழுக்காகத் தலைமகன் உரிமையை விற்றான். நாமோ பயற்றையே களத்தில் வியாபாரிக்கு அளந்துவிட்டு, பிள்ளைகளுக்கு வெறும் கஞ்சியும் ஊறுகாயும் வைக்கிறோம். 100 கிராம் அரிசியில் புரதம் ஏறத்தாழ 7 கிராம். அதே அளவு உளுந்தில் ஏறத்தாழ 24 கிராம். பெண்பிள்ளை பெரியவளானால் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்து உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த நம் பாட்டிமார்கள் இந்தக் கணக்கைப் படித்தவர்கள் அல்லர்; ஆனாலும் அறிந்திருந்தார்கள். தோல் உளுந்துச் சோறும் எள்ளுத் துவையலும் விருந்து நாளுக்கு மட்டும் உரியவையா? வளரும் பிள்ளைக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் அவை வாரந்தோறும் வேண்டியவை.

முதல் மரக்காலைக் கோயிலுக்கு என்று எடுத்து வைப்போம். அடுத்த மரக்கால் விதைக்கு; அது நோயற்ற செடியிலிருந்து வந்ததாக இருக்கட்டும். அதன்பின் வீட்டுப் பானை நிறையட்டும். மிச்சத்தை விற்போம். இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கின் ஒவ்வொரு உழவர் வீடும் இவ்வொரு தீர்மானத்தை மேற்கொண்டால், நிலமும் மகிழும், பிள்ளைகளும் தெளிவார்கள்.

ஆண்டவர் நம் வயல்களையும் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக.