பெருந்தொற்றும் நம் பிள்ளைகளின் கல்வியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசியார் எம்மைப் பணித்தனர். கல்வியின் பெருமையை இச்சபையில் விரித்துரைத்தல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆதலின், கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் அக்கல்வி நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையிலும், நம்மவர் பிழைப்பு நாடிச் சென்ற சிங்கப்பூரிலும் அடைந்த கதியை ஒப்பிட்டு, நாம் செய்யற்பாலது யாது என்பதை மாத்திரம் சொல்ல விழைகின்றோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் பள்ளிகள் அடைபட்டன. 25-ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. நூல் வரத்தும் துணிப் போக்கும் நின்றமையால் அருப்புக்கோட்டைத் தறிகள் ஓய்ந்தன. கரிசற்காட்டு விளைபொருள்கள் சந்தையின்றித் தவித்தன. அரிசிக் கார்டுக்கு அரசாங்கம் ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் அளித்தது. பள்ளிச் சத்துணவுக்கு ஈடாகப் பின்னர் அரிசியும் பருப்பும் தந்தது. வயிற்றுக்கு இவ்வாறு வழி பிறந்தது. அறிவுக்கோ?

கல்வித் தொலைக்காட்சியிற் பாடங்கள் ஒளிபரப்பாயின. செல்பேசி வழியும் பாடம் நடந்தது. ஆயினும் வீட்டிற்கு ஒரு செல்பேசி. அதனைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றால் பிள்ளைக்குப் பாடம் இல்லை. மூவர் படிக்கும் வீட்டில் மூத்தவனுக்கே முறை வந்தது. பெண்மகவு அடுப்பங்கரைக்குச் சென்றது. அலைவரிசை கிட்டாத கிராமத்தில் கண்மாய்க் கரையேறி நின்றே ஆசிரியர் குரலைக் கேட்க நேர்ந்தது. ஆடு மேய்க்கவும் கரிமூட்டத்திற்கு விறகு சுமக்கவும் போன சிறுவர்களை யாம் அறிவோம்.

2020-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு நீக்கப்பட்டு, அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பெற்றனர். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புக்கள் 2021 நவம்பர் 1-ஆம் நாளன்றே மீளத் திறந்தன. பத்தொன்பது மாதங்களுக்கு மேற்பட்ட இடைவெளி! எழுத்தறியுமுன் வீட்டிலிருந்த குழந்தை, எழுத்தறியாமலே மூன்றாம் வகுப்பில் வந்தமர்ந்தது.

சிங்கப்பூரிலோ 2020 ஏப்ரல் 8-ஆம் நாள் பிள்ளைகள் வீட்டிலிருந்து கற்கத் தொடங்கினர். ஜூன் விடுமுறையை மே மாதத்திற்கே முன்தள்ளி, ஜூன் 2-ஆம் நாள் பள்ளிகளைத் திறந்தனர். கணினி இல்லாத பிள்ளைகட்குப் பள்ளிகளே இரவல் தந்தன. மருத்துவமனை முதலிய இன்றியமையாப் பணிகளில் இருந்தோரின் பிள்ளைகட்குப் பள்ளி அடைபட்ட நாளிலும் இடம் அளித்தனர். 2021 மே மாதத்தில் மீண்டும் சின்னாள் வீட்டுப்பாடம் நேர்ந்தது, அவ்வளவே.

அது ஒரு நகரமே நாடாக அமைந்த செல்வபூமி. நம்முடையது கோடிக்கணக்கான மக்கள் வாழும் பரந்த மாநிலம். 2021 மே மாதத்தில் இங்கு உச்சமுற்ற இரண்டாம் அலையின் கொடுமையையும் மறத்தல் ஆகாது. அன்றியும், அந்நாட்டில் 2020-இல் நோயுற்றோருட் பெரும்பாலோர் விடுதிகளில் நெருங்கி வாழ்ந்த அயல்நாட்டுத் தொழிலாளரே. தந்தை அங்கே விடுதியில் அடைபட்டிருக்க, மகன் இங்கே பள்ளியின்றி இருந்த குடும்பங்களும் உண்டு. எந்நாடாயினும் எளியோர் தலைமேலேயே சுமை மிகுதியாக இறங்கிற்று.

எனினும் ஒன்று தெளிவு. வீட்டில் புத்தகமும் கற்பிப்பாரும் உடைய பிள்ளை பள்ளி மூடினும் பிழைத்துக்கொள்ளும். நம் பிள்ளைக்குப் பள்ளியே வீடு. 2021 அக்டோபரில் அரசாங்கம் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இதனையுணர்ந்து, தன்னார்வலரைக் கொண்டு தெருத்தோறும் மாலை வகுப்பு நடத்திற்று. அது நமக்குப் புதிதன்று. 1889-இல் விருதுநகரில் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் எடுத்த பிடியரிசியால் வளர்ந்ததன்றோ?

ஆகவே, சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். அக்காலத்தே படிப்பை விட்டவர் பெயர்களைத் தெருவாரியாக எழுதி, தனித்தேர்வு எழுத விழைவார்க்குக் கட்டணம் தருக. மகமையில் ஒரு பங்கு கொண்டு மாலைப் பாடசாலையும் வாசகசாலையும் நிறுவுக. பிற குலத்துப் பிள்ளை வரினும் பாயை விரித்து இருத்துக; நோய் குலம் பார்த்து வரவில்லை, கல்வியும் பார்த்தல் தகாது.

இன்னொரு நோய் வாராது என எவரும் உறுதி கூற இயலாது. வரின், பள்ளிக்கதவு அடைபடினும் நம் தெருவில் ஒரு விளக்கு எரிதல் வேண்டும். அதற்கு எண்ணெய் வார்க்குமாறு வேண்டி, எம் உரையை முடிக்கின்றோம்.