பத்தாம் நம்பர் சட்டை

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் புலம்பலாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

2023 செப்டம்பர் 25, சிட்னியில் திங்கட்கிழமை காலை 5 மணி. ரக்பி உலகக்கோப்பை, ஆஸ்திரேலியா - வேல்ஸ். அலாரம் வெச்சு எழுந்து பார்த்தேன். 40-6. தோல்வின்னு சொல்ல முடியாது, அடி. அதுக்கு முந்தின வாரம் ஃபிஜிகிட்ட 22-15. ஃபிஜி நம்மளை ஜெயிச்சது 1954-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 1991, 1999-ன்னு ரெண்டு தடவை கோப்பை வாங்கின அணி, வரலாற்றிலேயே முதல் முறையா முதல் சுற்றோட வீட்டுக்கு வந்தது.

தோற்றது கூட பரவாயில்லை. என் கோபம் தேர்வு மேலதான்.

ரக்பியில் 10-ஆம் நம்பர், அதாவது ஃப்ளை-ஹாஃப், ஆட்டத்தையே நடத்துகிறவர். பந்தை உதைக்கணுமா, பாஸ் பண்ணணுமா, ஓடணுமா, எல்லாம் அவர் முடிவு. அந்த இடத்துக்கு பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் கூட்டிட்டுப் போனது 22 வயசு கார்ட்டர் கார்டனை. அவருடைய முதல் டெஸ்ட் அதே வருஷம் ஜூலையில்தான். அவசரத்துக்கு பென் டொனால்ட்சன், அவ்வளவுதான். 35 வயசு குவேட் கூப்பருக்கு இடமில்லை. 2021-ல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா 8 உதையில் 8-ம் உள்ளே போட்டு, கடைசி நிமிஷத்தில் ஜெயிக்க வெச்ச மனுஷன் அவர். 125 டெஸ்ட் ஆடின மைக்கேல் ஹூப்பருக்கும் இடமில்லை.

இளைஞர்களுக்கு வாய்ப்பு தர்றது தப்பில்லை. ஆனா நாங்க ஆபீஸ்ல ஒரு புதுப் பையனை எடுத்தா, முதல் மாசமே நடுராத்திரி சர்வர் விழுந்தா நீ தனியா பார்த்துக்கோன்னு விட மாட்டோம். பக்கத்தில் ஒரு சீனியர் இருப்பார். பையன் தடுமாறினா அவர் கீபோர்டை வாங்குவார். இங்கே பக்கத்தில் யாருமே இல்லை. குருவி தலையில் பனங்காய்.

நடந்தது என்ன? ஃபிஜி ஆட்டத்தில் கார்டனைப் பாதியில் வெளியே எடுத்தாங்க. வேல்ஸ் ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார வெச்சாங்க. ஒரு வாரத்தில் எதிர்காலம் பழசாயிடுச்சு.

இதெல்லாம் 2027-க்கான முதலீடுன்னு சொன்னாங்க. அந்த உலகக்கோப்பை ஆஸ்திரேலியாவில்தான் நடக்குது. ஜோன்ஸோட ஒப்பந்தமும் அது வரைக்கும். ஆனா அக்டோபர் முடியறதுக்குள்ள அவர் ராஜினாமா பண்ணிட்டார், அப்புறம் ஜப்பான் அணிக்குப் போயிட்டார். கார்டன் அடுத்த வருஷமே ரக்பி லீக்குக்கு ஒப்பந்தம் போட்டார்.

அவர் தலைமையில் அந்த வருஷம் 9 டெஸ்டில் 2 வெற்றி. அந்த எண்ணிக்கையை நான் மறந்துடுவேன். சைடுலைன்ல தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்த அந்தப் பையன் முகம்தான் மறக்கலை. தப்பான முடிவை எடுத்தவர் ஒருத்தர், அதைச் சுமந்தவர் இன்னொருத்தர். உங்க டீம்லயும் இப்படி யாராவது சுமந்துட்டு இருந்தா, பக்கத்தில் போய் உட்காருங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.