சத்தம் போடும் வால்வு பிழைக்கும்

பழைய அமெரிக்கப் பிக்கப் டிரக் என்றதும் உங்கள் கண்ணில் எது தெரியும் என்று எனக்குத் தெரியும். உருண்டையான மூக்கு, இரண்டு பெரிய முன்விளக்கு, பின்னால் மரப்பலகை பதித்த தொட்டி. சினிமாவிலும் காலண்டரிலும் நிறையப் பார்த்திருப்பீர்கள். அதன் சரித்திரத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லப் போவதில்லை. டெக்சாஸில் ஒரு பட்டறையில் அந்த வண்டிகளைப் பிரித்து மாட்டுவதுதான் என் பிழைப்பு. அவற்றைப் பழுது பார்க்கும் கலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கூடவே கொஞ்சம் கோபமும் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஒரு மோகம் பரவியிருக்கிறது. 1947 நடுவிலிருந்து 1955 தொடக்கம் வரை விற்பனைக்கு வந்த செவ்ரோலெட் பிக்கப் ஒன்றை ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார். வாங்கிய கையோடு அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்புகிறார். அந்த இடத்தில் எல்எஸ் வகைப் புது வி-8 ஏறுகிறது. சிலர் சேஸையும் விடுவதில்லை. அடியில் வேறொரு வண்டியின் சேஸ், மேலே பழைய கூடு மட்டும். இன்னும் சிலருக்குத் துருகூட வேண்டுமாம். நல்ல தகட்டில் உப்பும் அமிலமும் தெளித்துத் துரு வரவழைக்கிறார்கள். அதன் மேல் பளபளவென்று கிளியர் கோட் அடிக்கிறார்கள். கதவில் எந்த ஊரிலும் இல்லாத ஒரு பண்ணையின் பெயரை எழுதுகிறார்கள். வயலில் உழைத்த வண்டிக்கு வந்த தழும்பை உழைக்காத வண்டியில் வரைவதை என்னால் கலை என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். அந்த எஞ்சினை எடுக்காதீர்கள். வண்டிக்கு உயிரே அதுதான்.

அது என்ன எஞ்சின்? 1953 வரை அரை டன் செவ்ரோலெட் பிக்கப்பில் இருந்தது 216 கன அங்குல எஞ்சின். நம் கணக்கில் மூன்றரை லிட்டர். நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், சுமார் 90 குதிரைத்திறன். 1929-இல் செவ்ரோலெட் ஆறு சிலிண்டருக்கு மாறியபோது தொடங்கிய பரம்பரை அது. ‘ஸ்டவ்போல்ட்’ என்று அமெரிக்க மெக்கானிக்குகள் செல்லமாக அழைப்பது இந்தக் குடும்பத்தைத்தான். 1930-களில் டொயோட்டா தன் முதல் எஞ்சினைச் செய்தபோது செவ்ரோலெட்டின் ஆறு சிலிண்டரைத்தான் முன்மாதிரியாக வைத்துக்கொண்டது. ஜப்பான்காரர்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட எஞ்சினை இங்கே எடைக்குப் போடுகிறார்கள்.

ஏன் போடுகிறார்கள்? முதல் காரணம் ஆயில் பிரஷர் காட்டும் முள். புதிதாக வாங்கியவர் அந்த முள்ளைப் பார்ப்பார். வண்டி ஓடும்போது அது 15-க்குப் பக்கத்தில் நிற்கும். இன்றைய வண்டியில் 40, 50 பார்த்துப் பழகியவருக்கு நெஞ்சு படபடக்கும். எஞ்சின் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார். எஞ்சின் எங்கேயும் போகவில்லை. அதன் அமைப்பே அப்படி. கிராங்க் ஷாஃப்டின் மெயின் பேரிங்குகளுக்கும் கேம் ஷாஃப்டுக்கும் மட்டும்தான் அதில் பிரஷரோடு ஆயில் போகிறது. கனெக்டிங் ராடுகளுக்கு வேறு வழி. ஒவ்வொரு ராடின் அடியிலும் சின்னக் கரண்டி ஒன்று உண்டு. ஆயில் சம்ப்பில் அதற்கு நேராக ஒரு தொட்டி உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் கரண்டி ஆயிலை மொண்டு பேரிங்குக்குக் கொடுக்கும். வேகம் கூடினால் குழாய் முனையிலிருந்து பீய்ச்சும் ஆயில் நேராக அந்தக் கரண்டியைத் தேடி வரும். இதற்கு 15 போதும். திரும்பவும் சொல்கிறேன், 15 போதும். பேரிங் ஒயிட் மெட்டலில் வார்த்தது. தேய்ந்தால் இடையில் இருக்கும் மெல்லிய ஷிம் தகட்டில் ஒன்றை உருவிவிட்டு மறுபடி இறுக்கலாம். தேய்மானத்தைக் கையாலேயே சரி செய்ய இடம் வைத்துச் செய்த எஞ்சின் அது.

இரண்டாவது காரணம் வேகம். பின் அச்சின் பல் விகிதம் 4.11. மணிக்கு 45, 50 மைலில் அந்த வண்டி சந்தோஷமாகப் போகும். 75 மைல் ஓடும் நெடுஞ்சாலையில் ஏற்றினால் அலறும். அதற்கு எஞ்சினைக் குற்றம் சொல்லக் கூடாது. டெக்சாஸில் ஃபார்ம் டு மார்க்கெட் என்றே பெயர் வைத்த சாலைகள் இருக்கின்றன. பண்ணையிலிருந்து சந்தைக்குப் போகும் சாலைகள். அந்த வண்டி பிறந்ததே அப்படிப்பட்ட சாலைக்காகத்தான். அங்கே ஓட்டுங்கள்.

இனி என் மனசுக்குப் பிடித்த வேலைக்கு வருகிறேன். டேப்பட் வைப்பது, அதாவது வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் சரியான இடைவெளி வைப்பது. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த எஞ்சினுக்கு டேப்பட்டை எஞ்சின் சூடாக இருக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும்போதே வைக்க வேண்டும். நின்ற இடத்தில் ஐட்லிங்கில் விட்டுச் சூடாக்கினால் போதாது. ஒரு நல்ல ஓட்டம் ஓட்டி வந்து, பானெட்டைத் திறந்து, மேல் மூடியைக் கழற்ற வேண்டும். பன்னிரண்டு ராக்கர்களும் வரிசையாகத் தலையாட்டிக்கொண்டிருக்கும். முதலில் எதையும் தொடாதீர்கள். பன்னிரண்டும் ஆயிலில் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே வரும் ஆயில் கொஞ்சம்தான். குழாயில் கசடு அடைத்தால் ராக்கர் காய்ந்துவிடும். காய்ந்த ராக்கருக்கு டேப்பட் வைத்துப் பயனில்லை.

பிறகு ஃபீலர் கேஜ், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கைப் பட்டறையில் தவ் என்போம். இன்டேக் வால்வுக்கு 6 தவ், எக்ஸாஸ்ட் வால்வுக்கு 13 தவ். எக்ஸாஸ்டுக்கு ஏன் அதிகம்? எரிந்த வாயு அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. அது அதிகம் சூடாகும், அதிகம் நீளும். நீள்வதற்கு இடம் விட வேண்டும். ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் தகட்டை நுழைத்துப் பிடித்தால் ஒவ்வொரு அடியும் விரலில் தெரியும். ஸ்பானரால் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூடிரைவரால் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தகடு லேசாக உரசிக்கொண்டு நகரும் இடத்தில் நிறுத்த வேண்டும். நட்டை இறுக்கியதும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்; இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும்.

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் ஒரு வயதான மெக்கானிக். டிராக்டரும் டிரக்கும் பார்த்தே வாழ்ந்த மனிதர். அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் டேப்பட் வைப்பார். பன்னிரண்டில் எது ஒலி மாறுகிறது என்று காதால் பிடித்துவிடுவார். அவர் எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்: சத்தம் போடும் வால்வு பிழைக்கும், சத்தம் போடாத வால்வு எரியும். மறுபடியும் கேளுங்கள். சத்தம் போடும் வால்வு பிழைக்கும், சத்தம் போடாத வால்வு எரியும்.

காரணம் எளிது. வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கி வைப்பது, தன் இருக்கையில் அழுந்தி உட்காரும் அந்தக் கண நேரத்தில்தான். இடைவெளி இல்லாமல் இறுக்கி வைத்தால் அது முழுதாக உட்காராது. சூடு இறங்காது. விளிம்பு கருகி, பிளந்து, அந்தச் சிலிண்டரே செத்துவிடும். ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் தன் அப்பாவின் டிரக்கை எங்கள் பட்டறைக்குக் கொண்டு வந்தார். எங்கேயோ ஒரு கடையில் கொடுத்து, டிக் டிக் சத்தத்தைச் சுத்தமாக நிறுத்தி வாங்கியிருந்தார். எஞ்சின் அமைதியாக இருந்தது. ஹெட்டைக் கழற்றினால் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருந்தது. வால்வு மாற்றி, இருக்கையை அரைத்து, 13 தவ் வைத்துக் கொடுத்தோம். லேசாக டிக் டிக் என்றது. அப்பா ஓட்டிய காலத்தில் இப்படித்தான் கேட்கும் என்றார் அவர்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டைமிங் பார்க்க ஃபிளைவீலில் ஒரு சின்ன எஃகுக் குண்டைப் பதித்திருக்கிறார்கள்; விளக்கைப் பிடித்தால் துளை வழியே அது மின்னும். மின்சாரம் 6 வோல்ட். வோல்ட் பாதியானால் அதே வேலைக்குக் கரண்ட் இரண்டு மடங்கு வேண்டும். ஆகவே பாட்டரி கேபிள் தடியாக இருக்க வேண்டும். மெல்லிய 12 வோல்ட் கேபிளை மாட்டிவிட்டு ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்பவர்கள் அதிகம். தடித்த கேபிள் போடுங்கள், எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், 6 வோல்ட் தன் வேலையைச் செய்யும்.

ஒரே ஒரு மாற்றத்தை நானே செய்யச் சொல்வேன். பிரேக். அந்தக் காலத்து மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போகும். இரட்டை அறை சிலிண்டர் போடுங்கள், சீட் பெல்ட் போடுங்கள். உயிர் விஷயத்தில் பழமை பார்க்க வேண்டாம்.

வேகமும் ஏசியும் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவர்கள் புது டிரக் வாங்கட்டும். நல்ல டிரக்குகள் வருகின்றன. பழைய டிரக்கை வாங்குகிறவர்கள் முதலில் அந்த ஆண்டுக்கான ஷாப் மேனுவலையும் ஒரு ஃபீலர் கேஜையும் வாங்குங்கள். குரோமும் பெயின்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒயிட் மெட்டல் வார்க்கத் தெரிந்த கைகள் இன்று குறைவு. காதால் டேப்பட் வைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. வண்டியில் எஞ்சின் இருந்தால்தான் அந்த வேலையைக் கற்க ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ காரணம் இருக்கும். ஒவ்வொரு எஞ்சின் காயலான் கடைக்குப் போகும்போதும் அந்தக் காரணம் ஒன்று குறைகிறது. உங்களிடம் அப்படி ஒரு வண்டி இருந்தால், அடுத்த முறை மூடியைக் கழற்றும்போது பக்கத்தில் ஒரு இளையவரை நிறுத்திக்கொள்ளுங்கள். தகட்டை அவர் கையில் கொடுங்கள்.