தோட்டத்துப் படங்கள் தொலைக்காட்சியில்



நெகிரி செம்பிலானில் லயத்தை விட்டுச் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடியேறிய நம் குடும்பங்கள் பழைய புகைப்பட ஆல்பத்தையும் கையோடு கொண்டு போயின. அப்படங்களை வட்டில் பதித்துத் தொலைக்காட்சியில் காண்பது எப்படி என்று இன்று பார்ப்போம்.

ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். முகம் உரிந்து வந்துவிடும். பக்கத்தோடு சன்னலோரம் வைத்துக் கைப்பேசியால் எடுங்கள்.

நம் நாட்டில் வழங்கும் டிவிடி வட்டில் படத்துக்கு 720க்கு 576 புள்ளிகள்தாம். கூட்டமாக நிற்கும் படத்தில் முகங்கள் மங்கிவிடும். ஆகவே, முதலில் முழுப்படம், பிறகு மூவர் மூவராகப் பெரிதாக்கிக் காட்டுங்கள். பழைய குழாய்ப் பெட்டிகள் ஓரத்தை வெட்டிவிடும். பெயர்களைச் சற்று உள்ளே தள்ளி எழுதுங்கள்.

நான் முதலில் செய்த வட்டில் படத்துக்கு 4 விநாடி கொடுத்தேன். என் மாணவனின் பாட்டி, பால்மரம் வெட்டியவர், "நிறுத்துங்க ஐயா, யாருன்னு சொல்றதுக்குள்ள ஓடிப்போச்சே!" என்றார். 15 விநாடியாக்கினேன். பெரட்டுக் களத்தில் நின்ற 11 பெண்களில் 9 பேரைப் பெயர் சொல்லி அழைத்தார். அவர் சொன்னபடியே எழுதிச் சேர்த்தேன்.

வீட்டில் பதிக்கும் வட்டின் சாயப்பூச்சு வெயிலில் கெடும். உறையிலிட்டு நிழலில் வையுங்கள். விரலியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

பாட்டியின் வட்டைச் சிரம்பான் உறவினருக்கும் அனுப்பியிருக்கிறோம். மீதி இரு பெண்களுக்கு நேரே கோடு மட்டும் போட்டு இடம் விட்டிருக்கிறேன்.