வார்டு முடிந்த பிறகு ஒரு மணி நேரம்



உருமாற்றக் கற்றல் என்ற கருத்தை 1978இல் முன்வைத்தவர் ஜாக் மெசிரோ. பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பிய அமெரிக்கப் பெண்களை அவர் ஆராய்ந்தார். அவர்கள் பாடம் மட்டும் படிக்கவில்லை, தங்களைப் பற்றி அதுவரை நம்பியிருந்ததையும் மாற்றிக்கொண்டார்கள் என்று கண்டார். அவர் பேராசிரியராக இருந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில்தான், 1907இல் அடிலெய்டு நட்டிங் உலகின் முதல் செவிலியப் பேராசிரியரானார். செவிலியத் துறையினரான நமக்கும் இந்தக் கருத்துக்கும் ஒரே வீட்டு உறவு என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

மெசிரோ சொன்ன உருமாற்றம் ஒரு தடுமாற்றத்தில் தொடங்கும். வார்டில் அது எப்படி வரும்? இதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, திரும்பத் திரும்ப அட்மிட் ஆகும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் பிரிவதற்கான மாத்திரையை அவர் ஒழுங்காகப் போடுவதில்லை. ‘ஒத்துழைப்பதில்லை’ என்று கேர் பிளானில் எழுதுகிறாள் இரண்டாம் ஆண்டு மாணவி. பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிகிறது, அவர் விடியற்காலையிலிருந்து சந்தையில் கீரை விற்பவர். அங்கே கழிப்பறை கிடையாது. மாத்திரை போட்டால் கடையில் உட்கார முடியாது. தான் எழுதிய வார்த்தையை மாணவி மறுபடி பார்க்கிறாள். மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் போய்க் கேட்கிறாள்.

இந்தக் கேள்வி கேட்கத் தெரிந்தவளைத்தான் நாம் உருவாக்க வேண்டும். 2010இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையமும் மருத்துவத் துறைக் கல்வியைத் தகவல் தருவது, தொழில்முறைப் பண்பை வளர்ப்பது, உருமாற்றுவது என மூன்று படிகளாக வகுத்தது. மூன்றாம் படி ஏறியவர்களே அமைப்பை மாற்றுவார்கள் என்றது.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் வெளியிட்ட பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் செமஸ்டர் முறை வந்தது, பொம்மைகளை வைத்துச் செய்யும் சிமுலேஷன் பயிற்சியும் இடம்பெற்றது. நல்லதுதான். ஆனால் சந்தையில் கழிப்பறை இல்லை என்று எந்தப் பொம்மையும் மாணவியிடம் சொல்லப் போவதில்லை. நோயாளி சொன்னதைக் கேட்டு வந்த மாணவிக்கும், அதை எடுத்துப் பேச ஓர் இடம் வேண்டும். அந்த இடம், வார்டு முடிந்ததும் மாணவிகளும் ஆசிரியரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசும் போஸ்ட் கான்ஃபரன்ஸ். ஆள் குறைவு என்று மாணவிகளை வார்டிலேயே நிறுத்திவைக்கும்போது முதலில் பறிபோவது அதுதான். மிஞ்சும் நேரத்தில் லாக் புக்கில் கையெழுத்து வாங்க வரிசை நிற்கிறது. செய்த ஊசிகளின் கணக்கு அதில் ஏறிவிடும்; மனத்தில் எழுந்த கேள்விக்கு அதில் கட்டம் இல்லை.

அதனால் இந்த மாநாட்டிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்தைப் பணிப்பட்டியலில் எழுதி, யாரும் தொடாதபடி காப்பது எப்படி என்று பேசுங்கள். அங்கே மாணவி மனம் திறந்து சொல்வதற்கு மதிப்பெண் போடலாமா? போட்டால் ஆசிரியருக்குப் பிடித்ததையே சொல்வாள் என்பது என் அச்சம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பிற்பகல் அமர்வில் என்னோடு வாதாட வேண்டும்.