முன்சக்கரத்தில் ஒரு லொட லொட

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூரிலிருந்து மாதனூர் வரும் வரைக்கும் பழைய காரும் புதுக் கார் மாதிரிதான் ஓடும். சர்வீஸ் சாலையில் இறங்கினாலோ, பாலாற்றைக் கடந்து குடியாத்தம் பக்கம் திரும்பினாலோதான் வண்டியின் வயசு தெரியும். முன்பக்கம் எங்கேயோ லொட லொட என்று ஒரு சத்தம். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பல இடங்களில் முதலில் கிடைக்கும் தீர்ப்பு, "ஷாக் போயிடுச்சு சார், ரெண்டையும் ஜோடியா மாத்திடலாம்." சரி என்கிறோம். சில ஆயிரம் ரூபாய் கரைகிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதே லொட லொட.

ஷாக் அப்சார்பரின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. அது செத்துப்போனால் பள்ளத்தில் இறங்கிய வண்டி ஒரே மூச்சில் நிலைக்கு வராது, இரண்டு மூன்று முறை ஆடி ஓயும். அதன் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருக்கும். இந்த இரண்டும் இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் ஷாக்கின் மேல் பழி போட அவசரப்படாதீர்கள். தேய்ந்த ரப்பர் புஷ், ஆட்டம் கண்ட பால் ஜாயிண்ட், தளர்ந்த ஒரு நட்டு, இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இரும்பு உடம்பு சத்தத்தைக் கடத்திக்கொண்டு போவதால், இடது சக்கரத்தில் தட்டுவது ஓட்டுநரின் காலடியில் கேட்கும். காதை நம்பிப் பாகம் வாங்கக் கூடாது.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பேர் வீல், கூடக் கிடக்கும் ஸ்பானர் எல்லாம் வெளியே வரட்டும். இவற்றுக்காக சஸ்பென்ஷன் மாற்றியவர்கள் உண்டு. பிறகு தெரிந்த ஒரு மோசமான தெருவில் மெதுவாக ஓட்டுங்கள். வானொலியை அணைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். சத்தம் வரும்போது பிரேக்கை இலேசாகத் தொடுங்கள். தொட்டதும் நின்றால், ஆடுவது பிரேக் பேடாகவோ காலிப்பராகவோ இருக்கலாம். அடுத்தது வேகத்தடை. இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறும்படி ஒரு முறை, ஒன்றன்பின் ஒன்றாக ஏறும்படி சாய்வாக இன்னொரு முறை. நேராக ஏறும்போது அமைதியாக இருந்து, சாய்வாக ஏறும்போது மட்டும் தட்டினால், இரு சக்கரங்களையும் குறுக்கே இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் பக்கம் தேடுங்கள். ஒரு சக்கரம் மட்டும் மேலே போகும்போதுதான் அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும்.

இங்கே மாருதி 800-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். 1983 டிசம்பரில் வந்த வண்டி, 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. நம் தெருக்களில் இன்னும் நிற்கவில்லை. அதன் முன்சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் ஒற்றைக் கைதான். அந்தக் கை முன்னும் பின்னும் போகாமல் இழுத்து நிறுத்துவதும் ஸ்டெபிலைசர் பாரின் பொறுப்பு. கம்பியின் நுனி ஆர்முக்குள் ரப்பர் புஷ் வழியாக நுழைந்து நட்டில் முடிகிறது. அந்த ரப்பர் தேய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது ஒரு 'டக்', கிளம்பும்போது இன்னொரு 'டக்'. பள்ளமே இல்லாத சாலையிலும் இது கேட்கும். ஷாக்கை எத்தனை முறை மாற்றினாலும் போகாத சத்தம் இது. புஷ்ஷின் விலையோ ஷாக்கின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

வண்டியைத் தூக்கிப் பார்ப்பதானால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்டோ வீல் பேரிங்கோ பேசும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட். புஷ்ஷை லிவர் போட்டு நெம்பித்தான் பார்க்க வேண்டும். ஸ்டெபிலைசர் பாரின் நுனியில் தனி லிங்க் உள்ள வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க்கை இறுக்கிப் பிடித்துவிடும், ஆட்டம் மறைந்துபோகும். அதை இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்போதுதான் சோதிக்க வேண்டும்.

தோல் தொழில் நடக்கும் நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தோல் காய்ந்தால் வெடிக்கும், எண்ணெய் கொடுத்தால் பிழைக்கும், இது ஆம்பூர், பேரணாம்பட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். மோட்டார் வாகனங்களின் ஆரம்ப காலத்தில் ஸ்பிரிங் பட்டைகளுக்குத் தோலில் உறை தைத்து, உள்ளே கிரீஸ் அடைத்துக் கட்டினார்கள். ஸ்டீரிங் மூட்டுகளுக்கும் தோல் உறைதான். அந்தப் பழக்கத்தில் கிறீச்சிடும் ரப்பர் புஷ்ஷுக்கு இன்ஜின் ஆயில் விடுகிறோம். சத்தம் இரண்டு நாள் அடங்கும். ஆனால் இயற்கை ரப்பர் அந்த எண்ணெயைக் குடித்து உப்பி, கொழகொழத்துப் போகும். தோலைக் காப்பாற்றும் எண்ணெய் ரப்பரைக் கொல்கிறது. உப்புத் தோல் ஏற்றிய வண்டியாக இருந்தால் இன்னொரு தொல்லை, புஷ்ஷுக்குள் போல்ட் துருவேறிப் பிடித்திருக்கும். கழற்றுவதற்கு முந்தின நாளே துரு விடும் திரவம் அடித்து வைத்தால் போல்ட் தலை உடையாமல் தப்பும்.

புது புஷ் போட்டு ஆறே மாதத்தில் கிழிந்துவிட்டது, டூப்ளிகேட் என்று திட்டுவோர் உண்டு. டூப்ளிகேட் நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எப்படி முறுக்கினார்கள் என்றும் கேட்க வேண்டும். வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் லோயர் ஆர்ம் போல்ட்டை இறுக்கிவிட்டால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். கீழே இறக்கியதும் அது எந்நேரமும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைப் பாதி மட்டும் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் விழுந்தபின் கடைசி முறுக்குப் போட வேண்டும். அடியில் குனிந்து செய்வது சிரமமான வேலை, அதனால்தான் பலர் தவிர்க்கிறார்கள். வண்டியை விடும்போதே சொல்லிவிட்டால், நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆட்டம் கண்டது பால் ஜாயிண்ட் என்றால் மட்டும் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" கூடாது. அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும், ஸ்டீரிங் உங்கள் கையில் இருந்தும் பயன் இல்லை. வேலூர் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம் என்று கிளம்பாமல் அங்கேயே மாற்றுங்கள். பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் இவற்றில் எதைக் கழற்றியிருந்தாலும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மிச்சப்பட்ட பணம் டயரில் போகும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் ஒரு முறை முறுக்கிச் சரிபாருங்கள்.